நின்றுபோன ஸூம்: பழைய ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்புக்கு எது வழி?

இரண்டு கண்ணாலும் பார்க்கும் என் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் ஒரு கல்லூரி ஏலத்தில் வந்தது. விலங்கியல் துறையில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது 4,500 ரூபாய்க்கு எடுத்தேன். 1980களில் வந்த ஜப்பானியச் சரக்கு. கம்பெனிப் பெயர் வேண்டாம். ஸூம் 0.7 முதல் 4 வரை, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் 10 மடங்கு, ஆக மொத்தம் 7 மடங்கிலிருந்து 40 மடங்கு வரை பார்க்கலாம். எனக்கு அதில் வேலை பப்பாளி மரத்து மாவுப்பூச்சியைப் பார்ப்பதும், அதன் உடம்புக்குள் முட்டையிட வரும் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைப் பார்ப்பதும். 2010இல் இந்தப் பூச்சியை அடக்கவென்றே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட குளவி அது. முழு உடம்பும் ஒரு மில்லிமீட்டர் தேறாது. 7 மடங்கில் இலையில் அதைத் தேடிப் பிடித்து, பார்வையை எடுக்காமல் 40க்குப் போக வேண்டும். ஸூம் இல்லாவிட்டால், தேடி முடிப்பதற்குள் குளவி போய்விடும்.

வாங்கிய நாளிலிருந்தே ஸூம் குமிழ் இறுக்கம்தான். மார்கழிக் காலையில் இன்னும் இறுக்கம். பழைய சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். ஒரு நாள் உள்ளே 'டக்' என்றது. அப்புறம் குமிழ் சுற்றும், படம் அசையாது. சில இடத்தில் பிடித்துக்கொண்டு நகரும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முட்டும். முட்டுகிற இடம் எப்போதும் ஒன்றேதான்.

இந்த 'சுற்றுக்கு ஒருமுறை' என்பதுதான் முக்கியமான தடயம். குமிழின் அச்சில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம், அதாவது பினியன், அழுத்திச் செருகியிருப்பார்கள். இரும்பு அச்சின் மேல் இறுக்கமாக உட்கார்ந்த பிளாஸ்டிக் வருடக்கணக்கில் சுருங்க முயன்றுகொண்டே இருக்கிறது, அச்சு விடுவதில்லை. எங்காவது ஒரு நாள் இரண்டு பல்லுக்கு நடுவே, சதை மெலிந்த இடத்தில், அது பிளந்துகொள்ளும். பிளந்த இடத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி கூடிவிடும். எதிர்ச் சக்கரத்தின் பல் அங்கே வந்ததும் முட்டும். அச்சின் மேல் பிடியும் போய்விட்டதால் வழுக்கவும் செய்யும். திறந்து பார்க்காமலேயே முக்கால்வாசி நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் பினியனை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுவோம். ஸூம் வேலை செய்யும் விதம் இப்படி. ஒவ்வொரு குழாயிலும் இரண்டு லென்ஸ் கூட்டங்கள் மேலும் கீழும் நகரும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. ஒரு உருளையின் மேல் வளைவாக வெட்டிய இரண்டு பள்ளங்களில் லென்ஸ் கூட்டங்களின் முளைகள் ஓடும். உருளை சுற்றும்போது ஒரு கூட்டம் உருவத்தைப் பெரிதாக்கும், மற்றது கூடவே நகர்ந்து ஃபோகஸ் கெடாமல் பார்த்துக்கொள்ளும். இந்த உருளைக்குத்தான் கேம் என்று பெயர். பள்ளத்திலும் முளையிலும் போட்ட கிரீஸ் முப்பது நாற்பது வருடத்தில் எண்ணெயை இழந்து மெழுகாக இறுகிவிடுகிறது. குமிழைத் திருகும் விசையெல்லாம் அந்த மெழுகோடு மல்லுக்கட்டி, வரிசையில் எது மெலிந்ததோ அதன் தலையில் இறங்குகிறது. என்னுடையதில் மெலிந்தது பினியன். ஆக நோய் கிரீஸில் இருக்கிறது, பினியன் காட்டுவது காய்ச்சல். எந்த வழியை எடுத்தாலும் அது கிரீஸைத் தொடுகிறதா, லென்ஸைத் தொடாமல் விடுகிறதா என்று இந்த இரண்டையும்தான் நான் பார்த்தேன்.

ஒன்றுமே செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். அதைக் கேலியாக நினைக்க வேண்டாம். குமிழை ஏதோ ஒரு உருப்பெருக்கத்தில் நிறுத்தி, ஒரு டேப்பை ஒட்டிவிட்டால் கருவி நிலையான மைக்ராஸ்கோப்பாகிவிடும். சர்க்யூட் போர்டில் பற்றவைப்பவர், விதை பொறுக்குபவர், நகைக் கல் பார்ப்பவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே உருப்பெருக்கத்தில்தான் நாளெல்லாம் உட்காருவார்கள். வேண்டுமானால் 20 மடங்கு ஐபீஸ் ஒரு ஜோடி வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஸூம் வருவதற்கு முன்னால் உலகம் அப்படித்தான் ஓடியது. ஹொரேஷியோ க்ரீனோ என்ற அமெரிக்கர் கேட்டதன் பேரில் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி 1890களில் இந்த இரட்டைக் குழாய் மைக்ராஸ்கோப்பைச் செய்தது. அமெரிக்காவின் பாஷ் அண்ட் லாம்ப் ஸூம் வைத்ததை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1959இல். அதற்கப்புறமும் ஸ்விட்சர்லாந்தின் வில்ட் எம்5 போன்றவை படிப்படியாக மாறும் உருளையோடுதான் வந்தன: 6, 12, 25, 50 மடங்கு, நடுவில் ஒன்றும் கிடையாது. அளவெடுக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. ஸூமை எங்கே நிறுத்தினோம் என்பது கொஞ்சம் மாறினாலும் ஐபீஸ் அளவுகோலின் கணக்கு மாறிவிடும். படியில் அந்தத் தொல்லை இல்லை. எனக்கு மட்டும் குளவி காத்திருக்காது என்பதால் இந்த வழி சரிப்படவில்லை.

ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். இந்தச் சக்கரங்கள் பெரும்பாலும் நைலான் அல்லது அசெட்டால் பிளாஸ்டிக். உடனே ஒட்டும் சின்ன ட்யூப் பசை அதில், முக்கியமாக அசெட்டாலில், பிடிக்காது. பிடித்தது போலத் தெரிந்தாலும் முதல் இறுக்கத்தில் விட்டுவிடும். அதைவிட மோசம், அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஐந்து ரூபாய்ப் பசை லென்ஸில் படிந்தால் அப்புறம் பினியன் ஒரு கவலையே இல்லை.

இதற்கு ஒரு நல்ல தம்பி உண்டு. பினியனின் ஓரத்தில் பல் இல்லாத கழுத்துப் பகுதி இருந்தால், அதன் மேல் பித்தளை வளையம் ஒன்றைத் துல்லியமாகக் கடைந்து, கொஞ்சம் சூடாக்கி அழுத்தி ஏற்றலாம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுகிற அதே வேலை. பிளவு மூடிக்கொள்ளும், பல் இடைவெளி பழையபடி ஆகிவிடும். என்னுடையதில் கழுத்து இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வளையம் ஏறியது, நான்கு நாள் நின்றது, பிளவு மறு முனையில் வாயைத் திறந்தது. கழுத்து நீளமாக இருப்பவர்கள் தாராளமாக முயலலாம், இழப்பு ஒன்றுமில்லை.

முப்பரிமாணப் பிரிண்டரில் அடித்துக்கொள்ளலாமே என்றான் என் அக்கா மகன். "மாமா, மாடல் போட்டுக் குடுங்க, ராத்திரி அடிச்சிக் காலையில கொண்டாந்திடறேன்." ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பல்லின் அளவு மாட்யூல் 0.5. அதாவது ஒரு பல்லின் தடிமன் நடுவில் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டி, உயரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வீட்டுப் பிரிண்டரின் வாய் 0.4 மில்லிமீட்டர். ஒரு பல்லுக்கு இரண்டு கோடு இழுத்தால் தீர்ந்தது. அதை பல் என்று சொல்வதைவிட மேடு என்று சொல்லலாம். ரெசின் பிரிண்டரில் வடிவம் அழகாக வரும், ஆனால் சாதாரண ரெசின் நொறுங்கும். நைலான் தூளை லேசரால் உருக்கிக் கட்டும் முறையில் அடித்துத் தருகிறவர்களிடம் கொடுத்தால் ஓரளவு நிற்கும். என் தீர்ப்பு: பெரிய பல் உள்ள சக்கரத்துக்குப் பிரிண்டர் நல்லது, மாட்யூல் 0.5க்கு அளவு பார்க்கும் மாதிரியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாங்களும் ரெசினில் ஒன்று அடித்து மாட்டிப் பார்த்தோம், அளவு சரிதானா என்று. அந்த வகையில் அது பிழைப்பைக் காப்பாற்றியது.

ஏனென்றால் அளவில்தான் நான் வழுக்கினேன். பினியனுக்கு 18 பல். பிளந்த சக்கரத்தை வெர்னியரில் பிடித்தால் வெளி விட்டம் ஒரு பக்கம் 10.3, இன்னொரு பக்கம் 10.1 காட்டியது. பிளந்தது விரிந்திருக்குமே, அதை நம்பக்கூடாது. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி மாட்யூலால் பெருக்க வேண்டும்: 20 பெருக்கல் 0.5, சரியாக 10 மில்லிமீட்டர். ஜப்பான், ஜெர்மனிச் சரக்குக்கு இந்தக் கணக்கு. பழைய அமெரிக்கக் கருவிகள் அங்குலக் கணக்கில் வரும். 48 பிட்ச், அதாவது ஒரு அங்குல விட்டத்துக்கு 48 பல் என்றால், அதே 18 பல் சக்கரம் 10.58 மில்லிமீட்டர் இருக்கும். அரை மில்லிமீட்டர்தானே என்று மாட்யூல் சக்கரத்தைப் போட்டால் ஓடுவது போல ஓடி, எதிர்ச் சக்கரத்தைத் தின்றுவிடும். அந்த எதிர்ச் சக்கரம் கேமோடு சேர்ந்தது, அதற்கு மாற்று கிடையாது.

அப்புறம் பித்தளை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு பல்சக்கரம் செய்ய முடியவில்லை என்றால் ஊருக்கே அவமானம் என்று கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் பினியனை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "ஏனுங் சார், இது கடிகாரச் சக்கரமுங்களா? இந்த ஒண்ணுக்கு ஹாப் மாத்தி செட்டிங் போடோணும்னா அரை நாள் போயிருமுங்க. பத்து எடுத்துக்கறீங்களா?" ஹாப் என்பது பல் வெட்டும் கருவி. பத்து எனக்கு எதற்கு. ஒன்றே என்றால் 1,800 ரூபாய், பத்து என்றால் 3,000. நியாயமான விலைதான், அரை நாள் மெஷின் நிற்கிறதே. ஆனால் அவரே வழியும் சொன்னார். மாட்யூல் 0.5, 18 பல் பித்தளைப் பினியன் பொம்மை மோட்டார், ரோபோ வேலைக்கெல்லாம் ரெடிமேடாக வருகிறது. வாங்கி வாருங்கள், துளையை மட்டும் பெரிதாக்கித் தருகிறேன் என்றார். இணையத்தில் 220 ரூபாய்க்கு வந்தது. 3 மில்லிமீட்டர் துளையை ரீமர் போட்டு 4 ஆக்க 150 ரூபாய். சக்கரத்தை அச்சோடு பூட்டும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவுக்கு மரை அவர் சும்மாவே போட்டுத் தந்தார்.

பித்தளைக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு, அது லேசான வாதமும் அல்ல. பிளாஸ்டிக் பினியன் ஒரு வகையில் ஃப்யூஸ் மாதிரி. கேம் இறுகினால் முதலில் உடைவது அதுதான், கேம் தப்பிக்கும். பித்தளை உடையாது, அடுத்து மெலிந்தது எதுவோ அதற்குத்தான் கேடு. லென்ஸ் கூட்டத்தின் முளை வளையும், இல்லையென்றால் பள்ளம் தேயும். அந்த இரண்டுக்கும் உலகில் உதிரி பாகம் இல்லை. கிரீஸைத் துடைக்காமல் பித்தளையைப் போடுவதைவிட உடைந்த பினியனோடு விட்டுவிடுவது மேல் என்று நான் சொல்வது அதனால்தான்.

அதே மாடலில் இன்னொரு செத்த கருவியை வாங்கி அதிலிருந்து பினியனை எடுக்கலாம் என்பது அடுத்த யோசனை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதுவும் அதே வருடத்துப் பிளாஸ்டிக், அதே அழுத்தத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்தது. கழற்றும்போதே பிளந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இரண்டாவது உடம்பு வாங்குவது லென்ஸில் பூஞ்சை, பிரிசம் உடைசல், ஐபீஸ் காணவில்லை என்கிற மாதிரிக் கேஸ்களுக்கு அருமையான வழி; பினியனுக்கு வீண்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவது பற்றி இரண்டு மனதாகத்தான் எழுதுகிறேன். நல்ல ஆள் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. இரண்டு குழாயையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவர அவரிடம் கருவி இருக்கும், கை இருக்கும். ஆனால் வந்து பார்ப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே என்ன போடுவீர்கள்? துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த மெல்லிய எண்ணெய் பத்து நிமிடம் குமிழைப் பஞ்சாக ஆக்கும். நம் ஊர் வெயிலில் ஊர்ந்து போய் லென்ஸில் படரும், இறுகிய கிரீஸை உள்ளே இன்னும் ஆழத்தில் கொண்டுபோய் விடும். எனக்குச் சொன்ன கூலி 6,000, உதிரி பாகம் தனி.

புதிதாக வாங்கினால்? மொபைல் சர்வீஸ் கடை மேசைகளில் பார்த்திருப்பீர்கள், மூன்றாவது குழாயில் கேமரா மாட்டிய 7 முதல் 45 மடங்கு சீனத்து மைக்ராஸ்கோப். எனக்குச் சொன்ன விலை ஸ்டாண்டோடு 22,000. ஹரியானாவின் அம்பாலாவில் செய்கிறவையும் கிடைக்கின்றன. கல்லூரிகளுக்கு நிறையப் போவது அங்கிருந்துதான். பழையதுதான் தங்கம் என்று சாதிக்கிற கூட்டத்தில் நான் இல்லை. தினமும் இதை வைத்துத்தான் சோறு என்றால் புதிதை வாங்கி வேலையைப் பாருங்கள், பழையதை ஞாயிற்றுக்கிழமைகளில் நோண்டுங்கள். நான் கடையில் ஒன்றை அரை மணி நேரம் பார்த்தேன். கீழ்ப் பக்கம் 7 மடங்கில் குறை சொல்ல முடியாது. உச்சத்தில் ஓரங்கள் கொஞ்சம் குழைந்தன; குளவியின் கொம்பில் கணுக்களை எண்ண என் பழையதுதான் சுகம். அதற்கு 22,000 கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். கேமரா வேண்டியவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

ஆக, சுத்தம் செய்து ரெடிமேட் பித்தளைப் பினியன். முடிவுக்கு வர மூன்று வாரம், வேலை இரண்டு நாள்.

திறக்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜப்பானியக் கருவியில் திருகின் சிலுவைத் தலை நாம் வைத்திருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. ஜப்பானிய ஜிஸ் முனை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் திருகிலேயே தலை வழித்துவிடும். பெயிண்ட் சொட்டு வைத்து முத்திரையிட்ட திருகு எதையும் தொடாதீர்கள். அவை பிரிசத்தையும் லென்ஸையும் தொழிற்சாலையில் சரிசெய்து பூட்டியவை. பினியனை எடுக்க அவற்றில் ஒன்றையும் கழற்றத் தேவை இருக்காது, என்னுடையதில் இருக்கவில்லை. பழைய கிரீஸைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் போதும், பொறுமை வேண்டும். அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், பிளாஸ்டிக்கும் பெயிண்டும் கரையும். எனக்கு இரண்டு கேமுக்கும் சேர்த்து அறுபது குச்சி ஆனது. தேன்மெழுகு நிறத்தில் வந்துகொண்டே இருந்தது.

புதிய கிரீஸ் சைக்கிள் கடைக் கிரீஸாக இருக்கக்கூடாது. ஸூமுக்கு வழவழப்பு மட்டும் போதாது, கொஞ்சம் பிடித்து இழுக்கும் குணமும் வேண்டும். இல்லையென்றால் கையை எடுத்ததும் லென்ஸ் கூட்டம் தன் எடையில் கீழே நழுவி வரும். இதற்கென்றே கேமரா, மைக்ராஸ்கோப் வேலை செய்கிறவர்கள் டேம்பிங் கிரீஸ் வைத்திருப்பார்கள். நையோஜெல் 767ஏ என்பது அவர்கள் வட்டாரத்தில் தெரிந்த பெயர். ஒரு பட்டாணி அளவு இரண்டு கேமுக்கும் தாராளம்.

இப்போது என் தப்பு. சில கருவிகளில் இரண்டு குழாய்க்கும் நடுவே ஒரே கேம் இருக்கும். என்னுடையதில் ஆளுக்கு ஒன்று, ஒன்றோடொன்று பல்லால் கோத்தது. கழற்றும் முன் இரண்டிலும் ஒரு கோடு கீறிவைத்திருக்க வேண்டும். ஃபோனில் படம் எடுத்திருக்கிறோமே என்று விட்டுவிட்டேன். படத்தில் வேண்டிய அந்தப் பல்லின் மேல்தான் என் கட்டைவிரல் இருந்தது. மாட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் சுற்றியது. பத்து நிமிடம் பார்த்ததும் தலைவலி. கண்ணாடி பவர் மாறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். சந்தேகம் வந்து ஒரு எஃகு ஸ்கேலைக் கீழே வைத்து உச்ச ஸூமில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். என் ஐபீஸின் பார்வைப் புல எண் 20. அதை ஸூம் மடங்கால் வகுத்தால் கண்ணுக்குத் தெரியும் அகலம்; நான்கு மடங்கில் குறுக்கே ஐந்து மில்லிமீட்டர் தெரிய வேண்டும். இடது கண்ணில் ஐந்து. வலது கண்ணில் ஐந்தரைக்குப் பக்கம். ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன். திரும்பவும் கழற்று, திரும்பவும் மாட்டு.

அப்புறம் ஸ்கேலின் ஒரு கோட்டை இடது கண்ணின் நடுவில் வைத்து வலது கண்ணில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், கீழ் ஸூமிலும் மேல் ஸூமிலும். பக்கவாட்டில் கொஞ்சம் விலகல் இருந்தால் கண் சமாளித்துக்கொள்ளும், கண்ணை உள்ளே திருப்ப நமக்குத் தெரியும். மேல் கீழாக விலகினால் முடியாது. ஒரு கண்ணை மட்டும் உயர்த்துகிற வித்தை நமக்கு இல்லை. அப்படி விலகியிருந்தால் அதுதான் மெக்கானிக்குக்கு 6,000 கொடுக்கவேண்டிய இடம். கடைசியாக, உச்ச ஸூமில் பெரிய குமிழால் ஃபோகஸ் செய்து, அதைத் தொடாமல் கீழ் ஸூமுக்கு வந்து, ஐபீஸ் வளையத்தால் ஒவ்வொரு கண்ணுக்கும் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமலே 'ஸூம் பண்ணினால் ஃபோகஸ் போகிறது' என்று கருவியைப் பிரித்தவர்கள் உண்டு.

பினியன் 220, துளை 150, கிரீஸும் ஆல்கஹாலும் ஸ்க்ரூடிரைவரும் சேர்த்து 1,900, வீணான பித்தளை வளையம் 300. குமிழ் இப்போது இரண்டு விரலில் சுற்றுகிறது. பட்டறைக்காரர் ஒரு நாள் வந்து பார்த்தார். குளவியை அவர் சட்டை செய்யவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து தேய்ந்த கார்பைடு முனை ஒன்றை எடுத்துக் கீழே வைத்து, 40 மடங்கில் அதன் ஓரத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி ஒண்ணு எங்கீங்க கெடைக்கும்?" என்றார்.